ராஜாஜிக்காகப் பெரியார் அழுதது: கேள்வி பதில்

திராவிட இயக்க வரலாற்றை முப்பது ஆண்டுகளாகப் படித்தும் கற்பித்தும் வருகிறேன். நாம் கடுமையாக எதிர்த்த ஒரு தலைவர் இறந்தால் துக்கப்படலாமா என்று இந்த வாரம் பலரும் கேட்டிருக்கிறார்கள். எல்லோர் கேள்வியும் சுற்றிச் சுற்றி 1972 டிசம்பரில்தான் வந்து நிற்கிறது. எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ராஜாஜி இறந்தபோது பெரியார் அழுதார் என்கிறார்களே, அது உண்மையா? இல்லை, மேடைக்காகச் சொல்லும் கதையா? (திருச்சியிலிருந்து ஒரு மாணவி)

உண்மைதான் அம்மா. ராஜாஜி 1972 டிசம்பர் 25 அன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் காலமானார். வயது 94. பெரியாருக்கு அப்போது 93. நடக்க முடியாது, கூடவே சிறுநீர்த் தொல்லை. அந்த உடம்போடு சக்கர நாற்காலியில் மயானம் வரை போனார். அங்கே குலுங்கிக் குலுங்கி அழுதார். கழுத்தில் துண்டு, நெஞ்சு வரை தாடி, குனிந்த தலை. சிதைக்குச் சடங்கு நடக்கும் இடத்தில் சடங்கையே வாழ்நாள் முழுக்க எதிர்த்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அப்படியானால் ஐம்பது ஆண்டு எதிர்ப்பெல்லாம் நாடகமா? மேலே இருப்பவர்கள் ஒன்றாக இருக்க, கீழே தொண்டர்கள்தான் அடித்துக்கொண்டார்களா? (ஈரோடு)

இப்படிக் கேட்பவர்கள் நிறைய. கோபமும் புரிகிறது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். 1937இல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்துப் போராடிய பெரியாரைச் சிறைக்கு அனுப்பியது அந்த அரசுதான். சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939இல் அடுத்தடுத்து இறந்தார்கள். எழும்பூரில் அவர்கள் இருவர் பெயரில் மாளிகை இருக்கிறது. பிறகு 1953இல் குலக்கல்வி, அதாவது பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்ற ராஜாஜி அரசின் திட்டம். பெரியார் மாநிலம் முழுக்கக் கிளர்ச்சி செய்தார், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி விலக, காமராசர் வந்தார். திட்டமும் போயிற்று. 1967 தேர்தலில்கூட ராஜாஜி தி.மு.க. பக்கம், பெரியார் காமராசர் பக்கம். இது நாடகமாக இருந்தால் இத்தனை பேர் சிறை போயிருக்க வேண்டியதில்லை.

நட்பும் அதே அளவு உண்மை. ஒருவர் சேலம் நகராட்சித் தலைவர், மற்றவர் ஈரோடு நகராட்சித் தலைவர். பெரியாரைக் காங்கிரசுக்கு இழுத்து வந்தவர்களில் முக்கியமானவர் ராஜாஜி. 1924இல் தீண்டாமைக்கு எதிராக வைக்கத்தில் நடந்த போராட்டத்துக்குக் கிளம்பும்போது, தமிழ்நாடு காங்கிரஸ் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ராஜாஜிக்குத்தான் கடிதம் எழுதிவிட்டுப் போனார் பெரியார். மறு ஆண்டே காஞ்சிபுரம் மாநாட்டில் சாதிவாரியாக இடஒதுக்கீடு கேட்ட வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாமல் காங்கிரசை விட்டே வெளியேறினார். பாதை பிரிந்த பிறகும் பேச்சு அறுந்து போகவில்லை.

1949ஐப் பாருங்கள். மணியம்மையாரை மணப்பதற்கு முன் பெரியார் யோசனை கேட்டது ராஜாஜியிடம். ராஜாஜி அப்போது கவர்னர் ஜெனரல், திருவண்ணாமலைக்கு வந்திருந்தார். இருவரும் தனியாகப் பேசினார்கள். ராஜாஜி தூண்டித்தான் திருமணம் நடந்தது என்று ஊரே பேசியது, பெரியாரின் திராவிடர் கழகம் இரண்டானது. ஆனால் ராஜாஜி எழுதிய அந்தரங்கக் கடிதம் வயது வித்தியாசத்தைச் சொல்லித் தயங்கிய கடிதம். அதை வெளியிட்டிருந்தால் பழி ராஜாஜி மேலிருந்து விலகியிருக்கும். கடிதத்தில் 'அந்தரங்கம்' என்று இருந்ததால் பெரியார் வெளியிடவில்லை. ராஜாஜியும் வெளியிடச் சொல்லிக் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், மயானத்தில் வந்த கண்ணீருக்கு வேர் இந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.

என் தாத்தா குலக்கல்வித் திட்டத்தால் பாதிக்கப்பட்டவர். பெரியாரே அழுதாரே, நாமும் மன்னித்துவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். மனது ஒப்பவில்லை. (விழுப்புரம்)

ஒப்ப வேண்டிய அவசியமே இல்லை தம்பி. பெரியார் அழுதது தம் நண்பருக்காக. உங்கள் தாத்தா சார்பில் மன்னிக்கும் உரிமை அவருக்கு இல்லை, அவர் அப்படிச் சொன்னதும் இல்லை.

என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். சலவைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. 1953இல் மூன்றாம் வகுப்பு. கிராமப் பள்ளியில் மூன்று மணி நேரம்தான் பாடம், மீதி நேரம் பெற்றோர் தொழிலைப் பழக வேண்டும். பலகையை வைத்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போய் வெள்ளாவி அடுப்புக்கு விறகு தள்ளியதை அவர் கடைசி வரை சொல்வார். திட்டம் ஓராண்டில் போனதால் மறுபடி முழு நேரம் படித்து ஆசிரியர் ஆனார். ராஜாஜி இறந்த செய்தியை வானொலியில் கேட்டபோது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாராம். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் அம்மாவிடம், "நேர்மையான மனுஷன்தான். ஆனா என்னை வெள்ளாவியோட நிறுத்தப் பாத்தாரு" என்றார். ஊரில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போகவில்லை. போனவர்களைத் திட்டவும் இல்லை.

அப்பா செய்தது எனக்குச் சரியாகப் படுகிறது. துக்கத்தை யாரும் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. அடிபட்டவர் வீட்டுக்கே போய் 'நீயும் அழு' என்று கேட்பது கொடுமை.

இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பது நம் பண்பாடு இல்லையா? (மதுரை)

பிணம் கிடக்கும் வீட்டு வாசலில் நின்று சண்டை போடக் கூடாது, அது பண்பாடு. வரலாற்றை மறைப்பது பண்பாடு ஆகாது. ராஜாஜிக்கு அஞ்சலி எழுதும்போது 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதை எழுதுங்கள். 1939 ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்ததை எழுதுங்கள். தம் மகளைச் சாதி மாறிக் காந்தியின் மகனுக்கு மணம் முடித்ததையும், இந்தியைத் திணித்தவரே பிற்காலத்தில் இந்தித் திணிப்பை எதிர்த்ததையும் எழுதுங்கள். குலக்கல்வியையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் என் அப்பாவின் அந்த ஓராண்டு நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

காந்தி கொல்லப்பட்டபோதும் பெரியார் இப்படித்தான் நடந்துகொண்டாரா? (கோவை)

ஆம். பிறப்பை வைத்துத் தொழிலையும் தகுதியையும் பிரிக்கும் வருணாசிரமம் பற்றிய காந்தியின் கருத்தை 1927 முதலே வெளிப்படையாக எதிர்த்தவர். 1948 ஜனவரி 30க்குப் பிறகு மக்கள் அமைதி காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், நாட்டுக்கே 'காந்தி நாடு' என்று பெயர் வைக்கலாம் என்றார். வருணாசிரம எதிர்ப்பை மட்டும் விடவில்லை.

சமீபத்தில் ஒரு தலைவர் இறந்தார். பெண்களைப் பற்றி அவர் சொன்ன கருத்துகள் எனக்கு அறவே பிடிக்காது. ஆனால் செய்தி பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. "கொள்கை எங்கே போச்சு?" என்று தோழிகள் கேட்கிறார்கள். (சென்னை)

கொள்கை எங்கும் போகவில்லை அம்மா. சின்ன வயதிலிருந்து கேட்ட குரல் இனி கேட்காது என்றால் மனது கலங்கும். அழுகை வந்ததற்காகக் குற்றவாளி போல் நிற்காதீர்கள். ஏதாவது எழுதத் தோன்றினால் உங்களுக்குத் தெரிந்த அவரை எழுதுங்கள். எதிர்த்த கருத்தைப் பெயர் சொல்லி ஒரு வரி சேருங்கள். 'சில கருத்து வேறுபாடுகள் இருந்தாலும்' என்று மழுப்ப வேண்டாம், அந்த வரியில் யாருடைய வலியும் தெரியாது. தோழிகளில் யாரையாவது அவர் பேச்சு நேரடியாகக் காயப்படுத்தியிருந்தால், அவர்களிடம் அழுகைக்கு விளக்கம் சொல்லப் போகாதீர்கள். அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

பெரியார் இறந்தபோது ராஜாஜி உயிரோடு இருந்திருந்தால் வந்திருப்பாரா? (வேலூர்)

என் மனது வந்திருப்பார் என்றுதான் சொல்கிறது. பெரியார் 1973 டிசம்பர் 24 அன்று உங்கள் ஊர் மருத்துவமனையில்தான் காலமானார். உடலைச் சென்னைக்குக் கொண்டு வந்து பொதுமக்கள் அஞ்சலிக்கு வைத்த இடம் ராஜாஜி மண்டபம். மறுநாள் பெரியார் திடலில் அடக்கம் செய்தார்கள். அன்று ராஜாஜியின் முதலாம் ஆண்டு நினைவு நாள்.