கேள்வி-பதில்: மேசைமேல் கிடக்கும் பழைய ரைஃபிள்

இந்த முறை பழைய ராணுவ ரைஃபிள்கள் பற்றிய கடிதங்கள் மட்டும். சேகரிப்பாளர் கண்காட்சிக்குப் போகப் போகிறவர்களும், போய் வாங்கிவிட்டு முழிப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். தாத்தா போருக்குப் போன கதைகளை எல்லாம் படித்தேன், நன்றாகவே இருந்தன, இடம்தான் இல்லை.

கேள்வி: 1853 மாடல் என்ஃபீல்டு ஒன்றை ஒருவர் காட்டினார். 1857 சிப்பாய்ப் புரட்சியில் சுட்டதாம். பூட்டுத் தகட்டில் கிரீடமும் 1862 என்ற ஆண்டும் இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: துப்பாக்கியை வேண்டுமானால் வாங்குங்கள். அந்த ஐந்து வருடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஓய்வுப் பணத்தில் ஆசைப்பட்டு ஒரு மார்ட்டினி-ஹென்றி வாங்கினேன். பிரிட்டிஷ் ராணுவத்தின் அசல் என்றார் விற்றவர். பக்கவாட்டில் கிரீடம், அதன் கீழே 'வி.ஆர்.', 1905. பார்க்க வந்த நண்பர் போலி என்கிறார். தூக்கமே போய்விட்டது.

பதில்: நண்பர் சொல்வது சரிதான், ஐயா. 'வி.ஆர்.' விக்டோரியா மகாராணியின் முத்திரை. அவர் 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். 1905-ல் பட்டத்தில் இருந்தவர் எட்வர்டு. இறந்துபோன ராணியின் எழுத்தை நாலு வருடம் கழித்து எந்த அரசுத் தொழிற்சாலையும் அடித்திருக்காது. கைபர் கணவாய்ப் பக்கம், தாரா ஆதம் கேல் போன்ற இடங்களில், பட்டறைக்காரர்கள் பிரிட்டிஷ் ரைஃபிள்களைப் பார்த்துப் பார்த்து கையாலேயே செய்தவை ஏராளம். முத்திரையை எழுத்தாகப் படிக்காமல் படமாகப் பார்த்து வெட்டியதால் இந்தப் பிசகு.

இதில் நீங்கள் தனியாள் இல்லை. நான் எழுதும் மேசைக்கு மேலே ஒன்று தொங்குகிறது. என்ஃபீல்டு என்ற சொல்லில் ஆங்கில 'என்' எழுத்து, கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கிறது. வாங்கும்போதே அது என் கண்ணில் பட்டது. 'அந்தக் காலத்தில் அப்படித்தான் வெட்டுவார்கள்போல' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ரசீதை எடுத்துப் பாருங்கள். 'பிரிட்டிஷ் ராணுவ அசல்' என்று எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். முத்திரையைப் படம் எடுத்து, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி விற்றவருக்கும் கண்காட்சி நடத்தியவர்களுக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வெறும் 'பழைய துப்பாக்கி' என்று மட்டும் இருந்தால் கஷ்டம்தான். அப்போதும் எழுதுங்கள், அவர் அடுத்த மேசை போடும்போதாவது உதவும். ஒன்று மட்டும்: அதில் தோட்டா போட்டுவிடாதீர்கள். என்ன இரும்பு என்று செய்தவருக்கே தெரிந்திருக்காது.

கேள்வி: 1891 மாடல் மோசின்-நாகன்ட் வாங்கினேன். நூறு வருடத்துக்கு மேல் ஆனது பழம்பொருள், உரிமம் வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு வந்தபிறகு சந்தேகமாக இருக்கிறது. மேலே 1943 என்று அடித்திருக்கிறது.

பதில்: சந்தேகத்தை வீட்டுக்கு வரும்வரை எங்கே வைத்திருந்தீர்கள், தம்பி? 1891 அந்த மாடல் பிறந்த வருடம். உங்கள் கையில் இருப்பது 1943-ல் செய்தது. சட்டம் பார்ப்பது செய்த வருடத்தை. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 1898-லோ அதற்கு முன்போ தயாரித்தது பழம்பொருள், அதற்குப் பிந்தியது சாதாரணத் துப்பாக்கி. வேறு சில நாடுகளில் வருடம் மட்டும் போதாது, அதற்கான தோட்டா இன்னும் கிடைக்கிறதா, சுடும் நிலையில் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். மேசைக்குப் பின்னால் நிற்பவர் உங்கள் வக்கீல் அல்ல. இன்றைக்கே ஒரு வக்கீலிடம் பேசுங்கள். அதைத் தூக்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கு நடந்து போய்விடாதீர்கள், அது வேறு வம்பு.

கேள்வி: லீ-என்ஃபீல்டு ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. 'டி.பி.' என்று முத்திரை இருக்கிறது. சுடலாமா?

பதில்: கூடாது. அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்று ராணுவமே ஒதுக்கி வைத்தது அது.

கேள்வி: ஒரு மவுசர் கே98கே வாங்கியிருக்கிறேன். கட்டை கறுத்து, அழுக்காக, அரக்கு பூசியதுபோல் இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் விலை கூடும்தானே?

பதில்: உப்புத்தாளைக் கீழே வையுங்கள். முதலில் வையுங்கள், அப்புறம் படியுங்கள்.

ஒரு ராணுவ ரைஃபிளின் கட்டையில் அதைச் சோதித்தவரின் முத்திரை இருக்கும், பழுது பார்த்த இடத்தின் குறி இருக்கும், மரம் அடிபட்டு அமுங்கிய தழும்பு இருக்கும். ஒரு மணி நேரம் தேய்த்தால் எல்லாம் மாவாகித் தரையில் கொட்டிவிடும். தொழிற்சாலையில் மரத்தை இரும்பைவிடத் துளி உயரமாக விட்டிருப்பார்கள். விரலை வைத்து, கட்டையிலிருந்து, தோளில் பதியும் அடித்தகட்டுக்கு இழுத்துப் பாருங்கள். விரல் இறங்கினால் நல்லது. ஏறினால், யாரோ தேய்த்திருக்கிறார்கள். இரும்பும் அப்படித்தான்: எழுத்துகளின் ஓரம் மழுங்கி, புதிய நீலக்கறுப்புப் பூச்சுக்கு அடியில் துரு தின்ற குழிகள் தெரிந்தால், மெஷினில் தேய்த்துப் பூசியது.

உங்களுடையதில் அரக்கு என்கிறீர்கள். பேரலுக்குப் பின்னால் இரும்பில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறதா? போல்டில், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் உருளையில், கிறுக்கியதுபோல் எண் எழுதியிருக்கிறதா? இருந்தால் அது சோவியத் செம்படை ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றி, பிரித்துத் துடைத்து, கைக்கு வந்த பாகங்களைப் போட்டுப் பூட்டி, அரக்கடித்துக் கிடங்கில் வைத்தது. அதன் வரலாறே அந்த அழுக்குதான். இந்த அரக்கைச் சுரண்டி, குறியை ராவி, புதிதாகக் கழுகு முத்திரையும் பொருந்தும் எண்களும் அடித்து, 'தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே' என்று மும்மடங்கு விலை சொல்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் இலவசமாகவே அவர்கள் வேலையில் பாதியைச் செய்யக் கிளம்பியிருக்கிறீர்கள். பளபளப்பு வேண்டுமென்றால் ஒரு குத்துவிளக்கு வாங்குங்கள். அதைத் தினம் தேய்க்கலாம்.

கேள்வி: ஜப்பானிய அரிசாகாவில் சாமந்திப்பூ முத்திரை ராவப்பட்டிருக்கிறது. குறையா?

பதில்: இல்லை. பதினாறு இதழ் சாமந்தி பேரரசரின் சின்னம். 1945-ல் சரணடைந்தபோது அதை ராவிவிட்டுக் கொடுத்தவை நிறைய. முழுப் பூவுக்கு விலை அதிகம், அதனால் ராவிய இடத்தில் மறுபடி பூ வெட்டி விற்பதும் உண்டு. முழுப் பூவோடு ஒன்று கண்ணில் பட்டால், பூவைச் சுற்றி இரும்பு தட்டையாகவோ பள்ளமாகவோ இருக்கிறதா என்று சாய்த்துப் பாருங்கள்.

கேள்வி: 1903 ஸ்பிரிங்ஃபீல்டு, எண் ஆறு லட்சத்துச் சொச்சம். நண்பர்கள் சுடாதே என்கிறார்கள். பயமுறுத்துகிறார்களா?

பதில்: நல்ல நண்பர்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் எட்டு லட்சத்துக்குக் கீழே உள்ள எண்களில், உலையில் இரும்பு பழுத்த நிறத்தைத் தொழிலாளி கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்தார். மப்பும் வெயிலும் மாறும்போது கணிப்பும் மாறியது. சில உடையும் பக்குவத்தில் வந்துவிட்டன. சுவரில் மாட்டுங்கள்.

கேள்வி: கருமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. வரவேற்பறையில் மாட்டலாமா? பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: மாட்டும் முன் ஒரு வேலை. குழல்வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, ஒரு மரக்குச்சியைத் தட்டும்வரை உள்ளே விடுங்கள். வாயருகே குச்சியில் அடையாளம் போட்டு வெளியே எடுத்து, குழலோடு ஒட்டிப் பிடியுங்கள். குச்சி நுனி, மருந்தைப் பற்றவைக்கும் கேப் மாட்டும் முனைவரை வர வேண்டும். மூன்று நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. நான் ஒருமுறை மேசையிலேயே இப்படிப் பார்த்தேன், நாலு விரற்கடை குறைந்தது. விற்பவர் முகம் வெளுத்துவிட்டது, அதை அவர் மூன்று கண்காட்சிகளாகத் தூக்கித் திரிந்திருக்கிறார். ஈரம் படாத கருமருந்து எத்தனை வருடமானாலும் வெடிக்கும். நீங்களே தோண்டாதீர்கள், துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள்.

கேள்வி: கண்காட்சியில் போல்டைத் தனியாகக் கழற்றி வைத்திருக்கிறார்கள். கொண்டுவந்து மாட்டிக் காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்வார்களா?

பதில்: கோபித்தால் அடுத்த மேசைக்குப் போங்கள். மாட்டும் முன் குழலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, வாய்ப்பக்கமிருந்து உள்ளே பாருங்கள். குழலுக்குள் சுருளாக ஓடும் வரிப்பள்ளம் கூர்மையாகத் தெரிய வேண்டும். அப்புறம் போல்டில் உள்ள எண்ணையும் ரைஃபிளின் எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். வேறு போல்ட் என்றால் தோட்டா சரியாக உட்காராமல் போகலாம், அதற்கான அளவுகருவி வைத்துச் சோதிக்காமல் சுடக் கூடாது.

நான் படிக்கவில்லை. மாலை நேரம், கூட்டம், விற்பவர் மேசைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியில் கைவிட்டு, வந்த போல்டை எடுத்துத் தந்தார். என் லீ-என்ஃபீல்டின் எண் 417-ல் முடிகிறது, வீட்டுக்கு வந்த போல்ட் 238-ல். அந்த 238 ரைஃபிள் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்வோம்.