சேவல் வெளுப்பு, பெட்டை கறுப்பு: குக்கூ கோழி பற்றிக் கண்காட்சி நடுவரின் கேள்வி பதில்

கேள்வி: குக்கூ மரான்ஸ் (இறகில் கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும் கோழி இனம்) வளர்க்கிறேன். பெட்டைகள் நல்ல கருஞ்சாம்பல். சேவல் மட்டும் சுண்ணாம்பில் புரண்டு வந்ததுபோல் வெளுப்பு. கண்காட்சிக்கு முன் வேறு சேவல் வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். வரி போடும் மரபணு, பாலினத்தை முடிவுசெய்யும் இசட் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. அதனால் சேவலுக்கு அந்த மரபணு இரண்டு பங்கு கிடைக்கலாம். பெட்டைக்கு என்றைக்கும் ஒரு பங்குதான். இரண்டு பங்கு வாங்கிய சேவலுக்கு வெள்ளை வரி அகன்று, கறுப்பு வரி ஒடுங்கிவிடும். உங்கள் சேவல் அந்த வகையாகத்தான் தெரிகிறது. பெட்டையைப் போலவே கறுத்த சேவலைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

மரான்ஸின் கருங்குக்கூ நிறத்துக்கான பிரிட்டிஷ் இனத் தர வரையறை, வரி தெளிவாக இருந்தால் சேவலின் கழுத்தும் முதுகும் சற்று வெளிர்ந்திருக்க இடம் தருகிறது. ஆகவே வெளுப்பை விடுங்கள், வரியைப் பாருங்கள். பிடரி இறகுகளை விரலால் விலக்கி, தோலை ஒட்டிய அடித்தூவி வரை வரி இறங்கியிருக்கிறதா என்று கவனியுங்கள். மேலே வரி, அடியில் வெறும் சாம்பல் என்றால் அந்தச் சேவல் எனக்கு வேண்டாம். அப்புறம் வால். கூண்டருகில் போனதும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வாலில் வளைந்து நீளும் அரிவாள் இறகு அடியிலிருந்து நுனி வரை வெள்ளையாக ஓடினால் மற்ற அழகெல்லாம் வீண்.

அமெரிக்காவில் வரி பிளைமவுத் ராக் என்ற இன்னொரு வரிக் கோழி இனத்தை வளர்த்தவர்கள், சேவலும் பெட்டையும் ஒரே சாயலில் நிற்க வேண்டும் என்பதற்காக, காட்சிச் சேவலுக்கு ஒரு வம்சம், காட்சிப் பெட்டைக்கு இன்னொரு வம்சம் என்று தனித்தனியாகக் கட்டிக் காத்தார்கள். இடமும் தீவனமும் தாராளமாக இருந்தால் செய்யலாம். ஒவ்வொரு வம்சத்திலும் மற்றப் பாலைச் சேர்ந்த பாதிப் பறவைகள் கண்காட்சிக் கூண்டேறவே போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: சேவல், பெட்டை இரண்டுமே வரிக் கோழிதான். ஆனால் ஒரு ஈட்டில் மூன்று குஞ்சுகள் முழுக் கறுப்பு. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த மூன்றும் பெட்டையாகத்தான் இருக்கும், வளரவிட்டுப் பாருங்கள். உங்கள் சேவலிடம் வரி மரபணு ஒரு பங்குதான் இருக்கிறது. அதன் மகள்களில் பாதிப் பேருக்கு அது போய்ச் சேராது. மகன்களுக்குத் தாயிடமிருந்து ஒரு பங்கு எப்படியும் வந்துவிடும், அதனால் அவை வரியோடுதான் பிறக்கும்.

பெட்டை எதையும் ஒளித்துவைக்க முடியாது. வரி இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. ஒளிப்பது சேவல்தான். ஒரு சேவலைச் சோதிக்க வேண்டுமானால் அதன் மகள்களை எண்ணுங்கள். ஒரே ஒரு கறுப்பு மகள் வந்தாலும் தீர்ப்பு முடிந்தது. பத்து மகள்களும் வரியோடு வந்தால், ஒரு பங்குச் சேவலுக்கு அப்படி அமைய 1,024-இல் ஒரு வாய்ப்புதான், நம்பி வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என் குக்கூவின் வரிகள் அலையலையாக, கலங்கி நிற்கின்றன. பிளைமவுத் ராக் சேவலைச் சேர்த்தால் கூர்மையாகுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இரண்டிலும் வரி மரபணு ஒன்றுதான். பிளைமவுத் ராக்கின் இறகு மெதுவாக வளர்வதால் கோடு நெருக்கமாக, நேராக விழுகிறது. குக்கூவின் இறகு வேகமாக வளர்கிறது. கோடு அகலமாகி வளைகிறது. குக்கூவுக்கு வரையறை கேட்பதே அந்த வளைவைத்தான். அதோடு மஞ்சள் காலும் உள்ளே வந்துவிடும். முதல் தலைமுறையில் கால் வெள்ளையாகவே இருக்கும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள். பேரக்குஞ்சுகளில் மஞ்சள் தலைகாட்டும்.

கேள்வி: சேவலின் பிடரி மஞ்சளடித்திருக்கிறது. குளிப்பாட்டினால் போகுமா?

பதில்: அழுக்கு போகும், மஞ்சள் போகாது. மேல் இறகைத் தூக்கி வெயில் படாத பகுதியைப் பாருங்கள். அது வெண்மையாக இருந்தால் வெயிலின் வேலை. அடுத்த இறகு உதிர்வு முடியும்வரை நிழலில் வையுங்கள். அங்கேயும் மஞ்சள் என்றால் ரத்தத்திலேயே வருவது, இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள். குளிப்பாட்டுவதைக் கண்காட்சிக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வெதுவெதுப்பான நீரில் முடித்து, சோப்பு மிச்சமில்லாமல் அலசி, நன்றாக உலர்த்துங்கள். பறவை தானே எண்ணெய் தடவிக் கோதிக்கொள்ள அந்த இடைவெளி வேண்டும்.

கேள்வி: கண்காட்சிக்கு முன் வரியில்லாத ஒன்றிரண்டு கறுப்பு இறகுகளைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: நடுவரிடம் இதைக் கேட்கும் துணிச்சலைப் பாராட்டுகிறேன். கூடாது.