சிங்கப்பூரில் சொந்த வண்டி இப்போது வேண்டாம்

திருப்பூரில் கூரியர் நடத்துகிறீர்கள், சிங்கப்பூரில் சொந்தக் கிளையும் வண்டியும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி வேண்டாங்க. சுங்கத்தையும் டெலிவரியையும் அங்குள்ள ஏஜென்ட்டிடம் விடுங்கள். இங்கே சரக்கை வாங்கித் திரட்டுவதை உங்கள் கையில் வையுங்கள்.

காசு எடைக் கணக்கில்தான் இருக்கிறது, அதாவது பெட்டியின் நீள அகல உயரத்தைப் பெருக்கி, ஒரு எண்ணால் வகுத்து எடையாக்கும் கணக்கில். 40×40×30 செ.மீ. பெட்டியை எக்ஸ்பிரஸ் வழக்கப்படி 5000-ஆல் வகுத்தால் 9.6 கிலோ; விமானச் சரக்கு வழக்கப்படி 6000-ஆல் வகுத்தால் 8 கிலோ. வாடிக்கையாளருக்கு முதல் கணக்கில் பில் போட்டு, பெட்டிகளை ஒரே மாஸ்டர் ஏர்வே பில்லில் (மொத்தச் சரக்குக்கும் சேர்த்துப் போடும் விமானச் சரக்குச் சீட்டு) இரண்டாவது கணக்கில் அனுப்பினால் நடுவில் உள்ள வித்தியாசம் உங்களுக்கு.

ஆனால் ஒரு இன்வாய்ஸில் ‘துணி சாம்பிள்’ என்று மொட்டையாக இருந்தாலும் மொத்த லாட்டும் சுங்கத்தில் மாட்டலாம். பருத்தியா பாலியஸ்டரா, எத்தனை உருப்படி, ஹெச்.எஸ். எண் (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) எல்லாம் வேண்டும். இலவச சாம்பிள்தானே என்று மதிப்பைப் பூஜ்யம் போடாதீர்கள். அங்கே விழும் வரியை யார் கட்டுவது என்பதை புக்கிங்கிலேயே எழுதி வாங்குங்கள். பெறுபவர் மறுத்தால் திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

சொந்த வண்டிக்குத் தெருவுக்குத் தெரு பார்சல் அடர்த்தி வேண்டும். 2003-இல் ஏர்போர்ன் என்ற அமெரிக்க கூரியர் நிறுவனத்தை வாங்கி அமெரிக்க உள்நாட்டு டெலிவரியில் இறங்கிய டிஹெச்எல்லே 2009 ஜனவரியில் அதை மூடிவிட்டு, வெளிநாட்டுப் பார்சலோடு நின்றுகொண்டது.