எளிமையா வாழறதுன்னா என்ன? பணம் சேர்க்கறதவிட அது எப்படி நல்லது?

எளிமைன்னா நமக்கு எது போதும்னு நாமளே முடிவு பண்ணி அதோட நிக்கறது, அவ்ளோதான்.

ஏன் நல்லதுன்னா, மனசு எதுக்கும் சீக்கிரம் பழகிடும். புது பைக் வாங்கின முதல் வாரம் தினமும் துடைப்போம், மூணாவது மாசம் அது வெறும் பைக், அதுக்குள்ள பக்கத்து வீட்டு கார் கண்ணுல படும், ஆனா டியூ மட்டும் மூணு வருஷம் ஓடிட்டே இருக்கும். வீட்டுப் பரண் மாதிரிதான், எவ்ளோ பெருசா கட்டினாலும் மிக்சி வந்த அட்டைப்பெட்டி, ஓடாத டேபிள் ஃபேன்னு ரொம்பிடும், இன்னொரு பரண் இருந்தா தேவலன்னு தோணும்.

காமராஜரை எடுத்துக்கங்க, 1954லேர்ந்து 1963 வரை முதலமைச்சர், 1975ல இறக்கும்போதும் தி.நகர் திருமலைப்பிள்ளை ரோட்ல வாடகை வீட்லதான் இருந்தாரு. 1963ல அவரே பதவிய விட்டுட்டு கட்சி வேலைக்குப் போனாரு, கட்டிக் காப்பாத்த சொத்துன்னு ஒண்ணும் இல்லாததாலதான் அது அவ்ளோ சுலபமா முடிஞ்சுதுன்னு நான் நம்பறேன்.

நிறைய பேர் எளிமையும் கஞ்சத்தனமும் ஒண்ணுன்னு நினைக்கறாங்க, அது தப்பு, கஞ்சனுக்குப் பொழுதன்னைக்கும் காசு நினைப்புதான், காமராஜரோ தனக்குன்னு ஒண்ணும் சேர்க்காம, பள்ளிக்கூடத்துல பசங்களுக்கு மதியச் சாப்பாடு போட அரசாங்கப் பணத்தத் தயங்காம எடுத்து வச்சவரு.