புத்தகத்தில் இல்லாத சட்டம்: வாசகர் கேள்வி-பதில்

கே: துணை முதல்வர் பதவி அரசியலமைப்புச் சட்டத்தின் எந்தப் பிரிவில் வருகிறது?

எதிலும் வராது. துணைப் பிரதமரும் அப்படித்தான். 1989-இல் தேவிலால் 'துணைப் பிரதமர்' என்று சொல்லிப் பதவியேற்றதற்கு வழக்கே போட்டார்கள். மற்றவர்களைப் போல அவரும் ஓர் அமைச்சர்தான், அது வெறும் அடைமொழி என்று உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

கே: அந்தரங்க உரிமை எத்தனையாவது திருத்தம்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.

திருத்தமே கிடையாது. 21-ஆம் பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதற்குள்ளேயே அந்த உரிமை இருக்கிறது என்று 2017-இல் 9 நீதிபதிகள் சொன்னார்கள். திருத்தப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், தீர்ப்பையும் பாருங்கள்.

கே: நீதிபதிகளைக் கொலீஜியம் (தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகளும் அடங்கிய குழு) தேர்ந்தெடுக்க எந்தப் பிரிவு அனுமதிக்கிறது? 124-ஐப் படித்தேன். நியமன ஆணையம் என்றுதான் இருக்கிறது.

இந்த முறை புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்தை விட்டுவிட்டீர்கள்.

1950-இல் அங்கே இருந்த சொல், நியமனத்துக்கு முன் நீதிபதிகளோடு 'கலந்தாலோசனை'. ஆலோசனை என்றால் இசைவு அல்ல, கடைசி வார்த்தை அரசுடையது என்றது 1981 தீர்ப்பு. 1993-இல் 9 நீதிபதிகள் அதே சொல்லை எடுத்து, தலைமை நீதிபதியின் கருத்தே மேலோங்கும் என்றார்கள். 1998-இல் அவரோடு மூத்த நீதிபதிகள் 4 பேர் சேர்ந்தார்கள். ஆக, சொல் அதேதான். அதிகாரம் மட்டும் கை மாறிவிட்டது. 99-ஆவது திருத்தத்தால் நாடாளுமன்றம் ஆணையத்தைக் கொண்டுவந்தது. 2015 அக்டோபரில் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அச்சகம் செய்யும் கூத்தைப் பாருங்கள். செத்துப்போன ஆணையம் இன்னமும் பெரிய எழுத்தில் நிற்கிறது. அது ரத்தான சேதி அடிக்குறிப்பில். நடைமுறையில் இருக்கும் கொலீஜியமோ புத்தகத்தில் எந்த மூலையிலும் இல்லை. வகுப்பில் இந்தப் பக்கத்தைக் காட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள், எனக்குத்தான் வயிறு எரியும். நியமனம் யார் கையில் இருக்க வேண்டும் என்பது வேறு சண்டை. நடக்கிற விதியைப் பிரிவில் எழுதிவைக்க இரு தரப்புக்கும் மனம் வரவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். அடிக்குறிப்பைப் படியுங்கள்.

கே: ஆளுநர் 3 மாதத்தில் மசோதாவில் கையெழுத்திட்டே ஆக வேண்டும், சரிதானே?

பாதிச் செய்தியோடு நிறுத்திவிட்டீர்கள். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கில் 2 நீதிபதிகள் கெடு வைத்தார்கள். குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதும், அதே ஆண்டு நவம்பரில் 5 நீதிபதிகள், நீதிமன்றம் கெடு வைக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது என்றார்கள். காரணம் சொல்லாமல் நீண்ட நாள் கிடப்பில் போட்டால், முடிவெடுங்கள் என்று மட்டும் சொல்லலாம். 200-ஆம் பிரிவின் 'கூடிய விரைவில்' அப்படியே இருக்கிறது. தீர்ப்பின் தேதியைப் பார்க்காமல் யாரிடமும் வாதாடாதீர்கள்.

கே: யாரும் எதுவும் செய்யாமலே சட்டம் மாறுமா?

பேஷாக மாறும். மக்களவைக்குத் துணை சபாநாயகரைக் கூடிய விரைவில் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது 93-ஆம் பிரிவு. 2014-19 அவையில் நம் தம்பிதுரை இருந்தார். அடுத்த அவை 5 ஆண்டும் அந்த நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்து கலைந்தது. திருத்தமும் இல்லை, தீர்ப்பும் இல்லை.

பிரிவு எண் போடாமல் 'சட்டத்தில் இருக்காமே' என்று வந்த கடிதங்களை ஓரமாக வைத்திருக்கிறேன். எண்ணோடு திரும்ப எழுதுங்கள்.