மூச்சும் வாங்குகிறது, சிகரெட்டும் விடமாட்டேன் என்கிறது!

வாசகர் கேள்விகளுக்கு நுரையீரல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 61. சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், என்று சொல்லி நான்கு வருடம் ஆகிறது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மீதியை ஏறுகிறேன். ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் 46 சதவீதம் என்று வந்தது. தினம் ஒரு பாக்கெட் பிடித்தவன், இப்போது ஐந்தாறுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த ஐந்தாறைத்தான் விட முடியவில்லை. விடுவதும் மறுபடி பிடிப்பதுமாகவே போகிறது. டாக்டரிடம் 'விட்டுட்டேன் சார்' என்று பொய் சொல்லிவிட்டேன். இனி உண்மையைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. பாதி நுரையீரல் போன பிறகு விட்டு என்ன ஆகப்போகிறது?

பதில்: முதலில் அந்த 46. பாதி நுரையீரல் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீங்கள் பலமாக ஊதும்போது முதல் ஒரு வினாடியில் வெளியே வரும் காற்றை, உங்கள் வயதும் உயரமும் உள்ள ஆரோக்கியமான ஓர் ஆணுக்கு வர வேண்டிய காற்றோடு ஒப்பிட்டுச் சொல்லும் கணக்கு அது. 30 முதல் 49 வரை இருந்தால் அடைப்பு கடுமையானது என்போம். லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான், ஆனால் கைவிட்டுவிட வேண்டிய நிலையும் இல்லை.

விட்டு என்ன ஆகும் என்பதற்கு நல்ல பதில் இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆரம்பநிலை அடைப்பு இருந்த புகைப்பவர்களை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து புகைத்த ஆண்களுக்கு அந்த ஒரு வினாடிக் காற்று வருடத்துக்குச் சராசரியாக 66 மில்லி குறைந்துகொண்டே போனது. விட்டவர்களுக்கு 30 மில்லிதான். புகையே பிடிக்காதவருக்கும் வயதாக ஆக ஏறக்குறைய அவ்வளவு குறையும். உங்கள் நோய் அவர்களுடையதைவிட முற்றியது, அதனால் இதே எண்ணிக்கை உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் போனது போக மிஞ்சியிருப்பது குறைவாக இருக்கிறவருக்குத்தான் ஒவ்வொரு மில்லியும் முக்கியம். உங்கள் வயதில், இதே அடைப்போடு, விட்ட பிறகு பல வருடம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் என்னிடம் வருகிறார்கள்.

ஐந்தாறாகக் குறைத்ததைப் பற்றி ஒன்று சொன்னால் கோபிக்க மாட்டீர்களே? மூளை தனக்குப் பழக்கமான நிகோடின் அளவைக் கேட்டு வாங்கிவிடும். எண்ணிக்கை குறையும்போது நாமறியாமலே இழுப்பு ஆழமாகிறது, புகையை உள்ளே நிறுத்தி வைக்கிறோம், பஞ்சு வரைக்கும் எரிய விடுகிறோம். பாக்கெட் கணக்கில் தெரியும் லாபம் நுரையீரல் கணக்கில் அவ்வளவாக வருவதில்லை. அடுத்த முறை பற்ற வைக்கும்போது உங்கள் இழுப்பையே கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அப்புறம், காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்றும் பாருங்கள். அரை மணிக்குள் என்றால் நிகோடின் பிடி பலமாக இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை ரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகிவிடும். இரவு முழுக்கத் தூங்கி எழுந்தால் கையிருப்பு ஏறக்குறைய காலி. காலைச் சிகரெட்டை விடுவதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது என்றால், காரணம் இதுதான்.

உங்கள் நோய் உள்ளவர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. இதை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்வதில்லை என்பது என் ஆதங்கம். சிஓபிடியில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பிரச்சினை. பழைய காற்று வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்கிறீர்கள். ஏற்கெனவே உப்பிய பலூனுக்குள் மேலும் ஊதுகிற கதைதான். நெஞ்சு இறுகுகிறது, பதற்றம் வருகிறது. சிகரெட் ஏக்கம் வரும்போதும் அதே நெஞ்சில்தான் அதே மாதிரி ஒரு தவிப்பு. எது எது என்று பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் கை பாக்கெட்டுக்குப் போகிறது. நிகோடின் சில வினாடிகளில் மூளைக்குப் போய்ச் சேர்வதால் தவிப்பு அடங்கி, 'சிகரெட் பிடித்தால் மூச்சு சீராகுது' என்றே தோன்றும். சீரானது ஏக்கம் மட்டும். மூச்சுக்குழாய்க்கு அந்தப் புகை மேலும் எரிச்சலைத்தான் தந்திருக்கும்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது இரண்டுக்கும் ஒன்றேதான். நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் சாய்ந்து, முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றிக்கொள்ளுங்கள். தோள்களைத் தளர விடுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை உள்ளே இழுத்து, உதட்டைக் குவித்து, நான்கு எண்ணும் வரை மெதுவாக வெளியே விடுங்கள். தம் கட்டி ஊத வேண்டாம், தானாகக் கசிந்து வரட்டும். அடைபட்ட காற்று குறைந்து நெஞ்சு இளகும். சிகரெட் ஏக்கமும் சில நிமிடங்களில் தானே வடிந்துவிடும். மூச்சு அப்படியும் தணியவில்லையா, உடனடி நிவாரண இன்ஹேலரை எடுங்கள்.

சரி, இதை வைத்து மட்டும் விட்டுவிட முடியுமா? பெரும்பாலோரால் முடியாது. மனஉறுதி இல்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்வதால் பைசா பிரயோசனம் இல்லை. நுரையீரலுக்கு மருந்து எடுக்கிற மாதிரி நிகோடின் அடிமைத்தனத்துக்கும் மருந்து எடுங்கள். நாள் முழுக்க நிதானமாக நிகோடின் தரத் தோலில் ஒட்டும் பேட்ச், திடீரென்று கிளம்பும் ஏக்கத்துக்கு நிகோடின் கம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்கிறது. கம்மைச் சாதாரண சூயிங் கம் போல மென்றுகொண்டே இருப்பவர்கள்தான் 'விக்கல் வருது, வயிறு எரியுது, சரிப்படல' என்று தூக்கிப் போடுகிறார்கள். மெல்ல மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கிவிடுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி. ஒரு கம் அரை மணி நேரம் வரும். காபியோ பழச்சாறோ குடித்துக் கால் மணி நேரமாவது போன பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் நிகோடின் வாயில் ஏறாது. வரெனிக்ளின் என்ற மாத்திரையும் உண்டு. விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி வழக்கமாக 12 வாரம் எடுக்க வேண்டும். உங்களுக்கு எது, எந்த அளவு என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். பேட்சிலும் நிகோடின்தானே என்று பயப்படாதீர்கள். நுரையீரலைக் கெடுப்பது எரிகிற இலையின் புகை.

டாக்டரிடம் நீங்கள் சொன்ன அந்தப் பொய்தான் எனக்கு உறுத்துகிறது. அது ஒழுக்கப் பிரச்சினை இல்லை, மருந்துப் பிரச்சினை. மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மாத்திரை எடுக்கிறீர்களா? சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி அந்த மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். புகைப்பவருக்கு ஒரு அளவு, விட்டவருக்கு வேறு அளவு. நிஜமாகவே விடும்போது யாருக்கும் தெரியாமல் பழைய அளவிலேயே தொடர்ந்தால் ரத்தத்தில் மருந்து ஏறிக் குமட்டல், நடுக்கம், படபடப்பு வரும். ஸ்டீராய்டு இன்ஹேலரும் புகைப்பவர்களிடம் சரிவர வேலை செய்வதில்லை. மருந்து ஏன் கேட்கவில்லை என்று உங்கள் மருத்துவர் வீணாகக் குழம்பிக்கொண்டிருக்கலாம். எங்கள் துறையில் திட்டுகிறவர்கள் அதிகம், நோயாளிகள் பொய் சொல்வதில் ஆச்சரியமில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்: "சார், விட்டுட்டேன்னு போன தடவை சொன்னேன். விடல. விடறதுக்கு மருந்து எழுதிக் கொடுங்க." அதற்கும் திட்டினால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் பேட்சைப் பிய்த்து எறியாதீர்கள். அது இருக்கிறபடி இருக்கட்டும், அடுத்த சிகரெட்டைத் தவிருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் அடைப்பு. குளியலறையில் ஒளிந்து பிடிக்கிறார். பாக்கெட்டைத் தூக்கி எறிந்தால் வீடே ரணகளமாகிறது. நான் என்னதான் செய்வது?

பதில்: பாக்கெட்டைத் தேடுவதை நிறுத்துங்கள் அம்மா. நீங்கள் போலீஸானால் அவர் இன்னும் நல்ல ஒளிவிடம் கண்டுபிடிப்பார், அவ்வளவுதான். 'இன்னைக்கு எத்தனை?' என்று கேட்பதற்குப் பதில் 'இன்னைக்கு மூச்சு எப்படி இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். விட அவரே முன்வந்தால் முதல் இரண்டு மூன்று நாள்தான் ஏக்கத்தின் உச்சம். எரிச்சலும் தூக்கமின்மையும் சில வாரங்கள் வரை இருக்கும். அந்தச் சமயத்தில் காபியைப் பாதியாக்குங்கள். புகை நின்றதும் காபியில் உள்ள கஃபீன் உடலில் முன்பைவிட நெடுநேரம் தங்கும், அந்தப் படபடப்பையும் சிகரெட் ஏக்கம் என்றே நினைத்துக்கொள்வார். வீட்டில் வேறு யாராவது பிடித்தால் அவர்களும் நிறுத்த வேண்டும்.

உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால், அல்லது வழக்கமில்லாத மயக்கமும் குழப்பமும் தெரிந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: சிகரெட்டை விட்டு மூன்று வாரம். இருமலும் சளியும் முன்பைவிட அதிகம். எனக்கு விடுவது ஒத்துக்கொள்ளவில்லையோ?

பதில்: ஒத்துக்கொள்கிறது. மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய முடிகளைப் புகை செயலிழக்க வைத்திருந்தது. அவை மறுபடி வேலையைத் தொடங்கும்போது சில வாரங்களுக்குச் சளி அதிகமாக வெளியே வரும். ஆனால் எல்லா இருமலையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சளியில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சல், சளியின் நிறம் மாறி இரைப்பு கூடுவது, இதில் எது இருந்தாலும் பரிசோதனைக்குப் போங்கள். மூச்சு வாங்குவது குறைய, விட்டதோடு நடைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் வேண்டும். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறோம். கணவர் அதை அணைத்துவிட்டு, குழாயை மூக்கிலிருந்து எடுத்துவிட்டுத்தான் புகைக்கிறார். பரவாயில்லையா?

பதில்: கூடவே கூடாது. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் எரிவதை வெறியோடு எரிய வைக்கும். அணைத்த பிறகும் சட்டையிலும் போர்வையிலும் மீசையிலும் அது தங்கியிருக்கும். முகமும் மூச்சுக்குழாயும் வெந்துபோன நோயாளிகள் உண்டு. ஆக்சிஜன் தருகிறவர்களிடமும் மருத்துவரிடமும் அவர் புகைக்கிறார் என்பதை இன்றே சொல்லுங்கள். நிறுத்திவிடுவார்களோ என்று மறைக்காதீர்கள். வீட்டில் ஆக்சிஜன் இருக்கும் வரை தீப்பெட்டி, லைட்டர், விளக்கு, அடுப்பு எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. முகத்துக்கு எண்ணெய்ப் பசையுள்ள களிம்புகளையும் தவிருங்கள்.