கண்ணகியின் வாயல் முறுவல்

உணர்ச்சியை வெளியே காட்டாத ஒரு கதாபாத்திரம் கடைசியில் நிதானம் இழக்கிற காட்சிகளில் உங்களை உலுக்கியது எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணகிதான், யோசிக்கவே வேண்டாம். ஆனால் பாண்டியன் அவையை நான் சொல்லப் போவதில்லை.

பாளையங்கோட்டையில் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஆண்டு விழா நாடகத்தில் நான்தான் கண்ணகி. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, கையில் ஒற்றைக் கொலுசோடு, "தேரா மன்னா செப்புவது உடையேன்" என்று மைக் இரைகிற அளவுக்குக் கத்தினேன். நிதானம் போவது என்றால் அதுதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் கல்லூரியில் தமிழ் எடுத்து, சிலப்பதிகாரத்தை முதலிலிருந்து வரிசையாக வாசித்தபோதுதான், அந்த அவைக்கு வந்து நிற்கும்போது அவள் எவ்வளவு தெளிவாக இருக்கிறாள் என்பதே எனக்கு உறைத்தது. எந்த ஊர், என்ன குடி, யார் மகனுக்கு மனைவி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் "கண்ணகி என்பதென் பெயரே" என்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லி வழக்காடுகிறாள். அவ்வளவு ஆத்திரத்திலும் வாதம் ஒரு நூல் பிசகவில்லை.

என்னை உலுக்கிய இடம் அதற்குச் சில காதைகள், அதாவது சில அத்தியாயங்கள், முன்னால் இருக்கிறது. மதுரைக்கு வெளியே ஆயர் சேரியில், மாதரி என்ற ஆயர் மூதாட்டி கொடுத்த வீட்டில், கண்ணகி சமைத்து, வாழைக் குருத்தை விரித்து, "அமுதம் உண்க அடிகள் ஈங்கு" என்று கோவலனுக்குச் சோறு போடுகிற கொலைக்களக் காதை. அதுவரை அவள் பேசியதையெல்லாம் ஒரு கையில் எண்ணிவிடலாம். காமவேள் கோட்டத்தில், அதாவது காமன் கோயிலில், தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்று தோழி தேவந்தி சொன்னபோது "பீடன்று", அது பெருமை இல்லை, என்றாள், அவ்வளவுதான். கோவலன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது சிரித்த முகத்தோடு "சிலம்புள கொண்ம்", சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள், என்றாள். அந்தச் சிரிப்பை இளங்கோவடிகள் "நலங்கேழ் முறுவல்", நலம் நிறைந்த சிரிப்பு, என்று எழுதுகிறார்.

சாப்பிட்டு முடித்ததும் வெற்றிலை பாக்கு கொடுக்கிறாள். கோவலனுக்கு அப்போதுதான் மனசு இளகி, அப்பா அம்மாவுக்கும் உனக்கும் எவ்வளவு கெடுதல் செய்துவிட்டேன், எழு என்றதும் எழுந்து வந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்கிறான். அவள் பதில் சொல்கிறாள். விருந்தினரை வரவேற்கக்கூட முடியாமல் இருந்ததைச் சொல்கிறாள். உங்கள் தாயும் தந்தையும் வந்தபோது என் துயரத்தை மறைத்துச் சிரித்தேன், அந்த "வாயல் முறுவல்" கண்டு அவர்கள் உள்ளம் வருந்தியது என்கிறாள். வாய் அல் முறுவல், மெய்யில்லாத சிரிப்பு. அதோடு சேர்த்து, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." நீங்கள் செய்தது பெரியவர்கள் மதிக்கிற ஒழுக்கம் இல்லை.

இவ்வளவுதான் அவள் சொன்னது, அதுவும் குரல் உயர்த்தாமல். ஆனால் இதைப் படித்ததும் புகாரில் அவள் சிரித்த அந்த "நலங்கேழ் முறுவ"லுக்கே திரும்பிப் போய், அது எந்தச் சிரிப்பு என்று யோசிக்க வேண்டியதாகிவிட்டது. கணவன் இறந்த சேதி கேட்டு "பொங்கி எழுந்தாள் விழுந்தாள்" என்று துன்பமாலை என்ற பகுதியில் வருகிறதே, அந்தப் பொங்கலுக்கு மூடி திறந்தது இந்தச் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

இது எனக்கு இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்குக் கல்லிடைக்குறிச்சியில் இருந்த என் பெரியம்மையும் ஒரு காரணம். பெரியப்பா பம்பாய்க்குப் போய் ஒன்பது வருஷம், ஒரு கடிதம் கிடையாது. ஆற்றில் குளிக்கப் போகும்போது யாராவது "அவுக கடுதாசி போட்டாகளா?" என்று கேட்டால், "போட்டாக, சொகமா இருக்காகளாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பெற்ற மகனைப் பற்றி மருமகள் சொல்லும் பொய் அவளுக்குத் தெரியும்.

ஒரு நாள் பெரியப்பா வந்துவிட்டார். பெரியம்மை ஒன்றும் கேட்கவில்லை. தேங்காய்ப் பால் பிழிந்து சொதி வைத்து, இஞ்சித் துவையல் அரைத்து, இலை போட்டுப் பரிமாறினாள். அவர் கை கழுவி வந்து உட்கார்ந்ததும், "ஏட்டி, அந்த வெத்தலத் தட்ட எடுத்துட்டு வா" என்று என்னிடம் சொன்னாள். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெற்றிலையின் காம்பைக் கிள்ளிச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, தலை நிமிராமல், "நீங்க செஞ்சது சரியில்ல, பாத்துக்கிடுங்க" என்றாள். சாதாரணக் குரல்தான். ஆனால் கையிலிருந்த சுண்ணாம்பு டப்பா நழுவி, சிவப்புச் சிமெண்டுத் தரையில் விழுந்து கொட்டிவிட்டது. முந்தானையை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். துடைக்கத் துடைக்க அந்த வெள்ளை இன்னும் பரவிக்கொண்டே போனது, அவளும் நிறுத்தாமல் துடைத்துக்கொண்டே இருந்தாள். பெரியப்பா வெற்றிலையைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.